ஒன்று குறைகிறது

குப்பத்தை அடுத்த எங்கள் சிற்றூருக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரே ஒரு வரிசை: வீடுகள், ஆண், பெண், எழுத்தறிந்தோர், உழைப்போர். தாய்மொழிக்கு அதில் இடமில்லை. கங்குந்தி ஜமீனைச் சேர்ந்து வடஆற்காட்டில் இருந்த பகுதி இது. 1911இல் சித்தூர் மாவட்டத்திற்கும் 1953இல் ஆந்திர மாநிலத்திற்கும் உரியதாயிற்று. எல்லைகள் மாறின, பாட்டியின் வீட்டுமொழி தமிழாகவே நின்றது.

கணக்கெடுக்க வந்தவர் “சதுவு வச்சா?” என்றார். தெலுங்கு எழுத்தைத்தான் கேட்கிறார் என்றெண்ணிப் பாட்டி இல்லையெனத் தலையசைத்தார். நாள்தோறும் தமிழ் நாளிதழ் வாசித்தவர், கடிதமும் எழுதியவர்! எம்மொழியிலாயினும் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தால் எழுத்தறிந்தவர் என்பதே விதி. பள்ளி மாணவனாக அருகில் நின்றிருந்தேன், விதி அறியேன். இன்று ஆய்வேட்டில் அவ்வெண்ணை எடுத்தெழுதும்போதெல்லாம் மனத்துக்குள் ஒன்றைக் கூட்டிக்கொள்கிறேன்.