மேடத்தின் எல்லையில் ஒரு மின்னொளி

இருண்ட வானில் ஒரு புள்ளி சட்டென மின்னி மறைகின்றது. கண்டவன் அருகில் நிற்பவனைத் தொட்டுக் காட்டுவதற்குள் அது இல்லாமற் போய்விடுகின்றது. கண்டவன் தான் கண்டதையே சொல்கிறான், காணாதவனோ நகைக்கிறான். ஒருவனுடைய கண்ணைத் தவிர வேறு சான்றில்லாத இத்தகைய ஒளியொன்று, 1984 ஆம், 1985 ஆம் ஆண்டுகளில் உலக வானியலாளரைச் சிறிது காலம் அலைக்கழித்தது.

வான் அவதானிப்பைப் பொழுதுபோக்காகக் கொண்ட கனடியர் சிலர், மேட இராசிக்கும் பர்சியசு என்னும் உடுத்தொகுதிக்கும் இடைப்பட்ட எல்லையில், நமது கார்த்திகைக் கூட்டத்துக்குச் சற்று அயலில், ஒரே பகுதியிலிருந்து மின்னொளிகள் மீண்டும் மீண்டும் தோன்றுவதைக் கண்டனர். ஒவ்வொன்றும் ஒரு செக்கனுக்கும் குறைந்த நேரமே நின்றது. இருபதுக்கு மேற்பட்டவற்றை அவர்கள் குறித்துவைத்தனர். 1985 மார்ச் 19 இல் அவற்றுள் ஒன்று கமராவிலும் பதிந்தது. செய்மதி சென்றிருந்தால் படத்தில் கோடு விழுந்திருக்க வேண்டுமல்லவா? விழுந்ததோ உடுவைப் போன்ற ஒரு புள்ளி. பில் கற்சும் அவருடைய குழுவினரும் 1986 இல் இதனை வானியற் பௌதிக ஆய்விதழொன்றில் வெளியிட்டனர்.

இதற்கு இத்துணை மதிப்பு ஏன் கிடைத்தது என்பதை அக்காலச் சூழலை அறிந்தாலன்றி விளங்கிக்கொள்ளல் அரிது. அணுகுண்டுப் பரிசோதனைகளை வேவுபார்க்க அமெரிக்கா ஏவிய வேலாச் செய்மதிகள், 1967 முதல் விண்வெளியிலிருந்து வரும் காமாக் கதிர் வெடிப்புகளைத் தற்செயலாகப் பதிந்தன. அச்செய்தி 1973 இல் வெளியானது. அவை எங்கிருந்து வருகின்றன என்பதை எவரும் அறியார். 1978 இல் நிகழ்ந்த வெடிப்பொன்றின் திசையை, ஹாவட் வானாய்வகத்திற் கிடந்த பழைய ஒளிப்படத் தகடுகளில் பிரட்லி செவர் என்பவர் தேடியபோது, 1928 ஆம் ஆண்டுத் தகடொன்றில் அங்கே ஒரு மின்னொளி பதிந்திருப்பதாகக் கண்டார். காமா வெடிப்புகளின் ஒளியைக் கண்ணாலும் காணக்கூடும் என்ற ஆவல் இவ்வாறு கிளர்ந்திருந்த வேளையிலேதான் கனடியரின் செய்தி வந்தது. பல்கலைக்கழகங்களின் பெருந் தொலைகாட்டிகளுக்கு அகப்படாதது வெறுங்கண்ணுக்கு அகப்பட்டுவிட்டதோ என்று பலர் எண்ணியதில் வியப்பில்லை.

1987 இல் விடை வந்தது. செய்மதிகளின் பாதைகளைக் கணிப்பதிற் பழக்கமுடைய அமெரிக்கர் போல் மேலி, ஒளிப்படம் எடுக்கப்பட்ட அவ்விடத்தில், அந்நேரத்தில், கொஸ்மொஸ் 1400 என்னும் சோவியத் செய்மதி கடந்து சென்றதாகக் காட்டினார். செவரும் பிறரும் அந்த வான்பகுதியை நெடுநேரம் கண்காணித்தும் அங்கிருந்து மின்னொளி எதனையும் பெறவில்லை. செய்மதிகளின் மினுக்கமோ வானெங்கும் மலிந்திருந்தது.

அங்ஙனமாயின் கோடு எங்கே போயிற்று? இங்கேதான் பௌதிகம் இனிக்கின்றது. சூரியவட்டம் நமக்கு அரைப் பாகை அகலமாகத் தோன்றுகின்றது. ஆகவே செய்மதியின் தட்டையான பளபளப்புப் பக்கம் ஒன்றிற் பட்டுத் திரும்பும் கதிர்க்கற்றையும் ஏறத்தாழ அரைப் பாகையே விரியும். ஆயிரம் கிலோமீற்றர் தொலைவிலிருந்து வரும்போது நிலத்தில் அதன் அகலம் ஒன்பது கிலோமீற்றர் அளவிலேயே அமையும். செய்மதி பத்துச் செக்கனுக்கு ஒருமுறை சுழல்வதாகக் கொள்வோம். ஆடி திரும்பும் வேகத்தைப்போல் இருமடங்கு வேகத்திற் கற்றை திரும்புமாதலால், அது செக்கனுக்கு 72 பாகை வீதம் வீசிச் செல்லும். ஒரு மனிதனைக் கடப்பதற்கு அதற்கு ஒரு செக்கனின் நூற்றிலொரு பங்குகூட வேண்டியதில்லை. அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் செய்மதி மங்கலாகவே இருப்பதால் படத்தில் அதன் தடம் விழாது. எஞ்சுவது புள்ளி ஒன்றே. அடுத்த ஊரில் நிற்பவன் எதுவும் காணாதிருப்பதற்கும் இதுவே காரணம். நகைத்தவனும் பொய் சொல்லவில்லை!

எனவே இரவில் மின்னொளியைக் கண்டவன் முதலிற் செய்யவேண்டியது, நேரத்தைச் செக்கன் வரை குறிப்பதும், அயல் உடுக்களைக் கொண்டு இடத்தைக் குறிப்பதுமேயாம். பின்னர் அவ்விடத்தினின்று கண்ணை எடுக்காது, அது மீண்டும் மின்னுகின்றதா, மின்னினால் சற்று விலகி மின்னுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். விலகுமாயின் அது சுழன்று செல்லும் செய்மதியோ கைவிடப்பட்ட உந்துகணைப் பாகமோ ஆகும். இடைவெளியை நிறுத்தற்கடிகாரத்தால் அளந்தால் சுழற்சிக் காலத்தையும் மதிப்பிடலாம். இத்தகைய அளவீடுகளைப் பல்லாண்டுகளாகத் திரட்டிவந்தவர்களுள் பெல்ஜிய நாட்டு ஆர்வலர் குழுவினர் குறிப்பிடத்தக்கவர். ஊதியம் எதிர்பாராது குளிரில் நின்று எண்ணிய எண்கள் அவை.

கற்சின் குழுவினர் ஏமாந்தனர் என்று கூறிக் கடந்துவிடுவது எளிது. ஆயினும் அவர்கள் நேரத்தையும் இடத்தையும் ஒழுங்காகக் குறித்து வெளியிட்டிராவிடின், மேலிக்கு ஒப்புநோக்க எதுவும் இருந்திராது. தம்மை மறுப்பதற்கு வேண்டிய சான்றைத் தாமே வழங்கியவர்கள் அவர்கள். பெருந் தொலைகாட்டி உடையோரும் இவ்விடர்ப்பாட்டிற்கு விலக்கல்லர். 2017 இல் ஹவாயிலுள்ள கெக் தொலைகாட்டியிற் பதிவான ஒரு மின்னொளி, மிகத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலமொன்றின் காமா வெடிப்பாகலாம் என 2020 இல் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே, அது உருசிய உந்துகணையொன்றின் உடைந்த பாகம் என வேறோர் ஆய்வு காட்டிற்று.

கனடியர் தேடிய ஒளி உண்மையிலும் உண்டு. 2008 மார்ச் 19 அன்று, அவர்களுடைய ஒளிப்படத்துக்குச் சரியாக இருபத்துமூன்று ஆண்டுகளின் பின், சுவாதி நட்சத்திரம் அமைந்த உடுத்தொகுதியில் ஒரு காமா வெடிப்பு நிகழ்ந்தது. அதன் ஒளி 750 கோடி ஆண்டுகள் பயணித்து வந்து, ஏறத்தாழ அரை நிமிடம் வெறுங்கண்ணுக்கும் புலப்படத்தக்க பிரகாசத்துடன் நின்றது. புவிநிலைச் செய்மதிகளை 1945 இலேயே எழுத்திற் கண்டவரும் இலங்கையைத் தம் இல்லமாகக் கொண்டவருமான ஆதர் சி. கிளார்க், அன்று அதிகாலையிற்றான் கொழும்பிற் காலமாகியிருந்தார். சிலி நாட்டு மலைகளில் வானின் பரந்த பகுதியை ஓயாது நோக்கிக்கொண்டிருந்த சிறு கமராக்கள் அவ்வொளியைப் பதிந்துகொண்டன.