உல்லமும் இறாலும்

கொல்கத்தாவில் வாழும் நம்மவர்க்கு இது புதிய செய்தியன்று: இங்கே கால்பந்துப் பேச்சும் மீன் பேச்சும் சேர்ந்தே நடைபெறும். ஈஸ்ட் பெங்கால் அன்பர்க்கு உல்லம். மோகன் பகான் அன்பர்க்கு இறால். தேநீர்க் கடைப் பலகையில், கடுகரைத்துப் பூசி உல்லத்தை ஆவியில் வேகவைக்கும் பக்குவத்தைச் சொல்லி முடிக்குமுன்பே, "இவ்வாண்டு முன்வரிசைக்கு எந்தப் பையன் தேறுவான்?" என்ற வாதம் எழுந்துவிடும். இறாலுக்குத் தேங்காய்ப்பால் சேர்வதால் நம் பெண்டிர் மோகன் பகான் பக்கமே சாய்கின்றனர். அது நாவின் தீர்ப்பேயன்றிப் பந்தின் தீர்ப்பன்று!

நாம் ஈஸ்ட் பெங்கால் பக்கம் நிற்பதற்குக் காரணம் உண்டு. 1947-இல் நாடு பிளவுண்டபின், கிழக்கு வங்கத்தில் வீடு வாசல் இழந்து வந்தோர்க்கு, 1920-இல் தோன்றிய அக்கழகம் சொந்த ஊர் போலாயிற்று. அவர்கள் 'பஞ்ச பாண்டவர்' என்று கொண்டாடிய அகமது கான், வெங்கடேஷ், அப்பாராவ், சாலே, தன்ராஜ் ஆகிய ஐவரும் தென்னாட்டார். 1949 முதல் 1951 வரை தொடர்ந்து மும்முறை ஐ.எஃப்.ஏ. கேடயம் வென்ற காலம் அது. ஊரிழந்தோர் நம் பக்கத்துப் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக ஏற்றனர்.

ஆகவே, புதுப் பையனைப் பற்றிய வாதத்தில் நாமும் துணிந்து வாய் திறக்கிறோம். அவன் எவ்வூரான் என்று நம் தெருவில் எவரும் முதலிற் கேட்பதில்லை. இடக்கால் எப்படி என்றே கேட்கின்றனர். உல்லத்தின் முள் நீக்கும் வித்தையையும் அவர்களிடமே பயின்று வருகிறோம். அதுதான் இன்னும் கைவரவில்லை.