மூணு நம்பர் சொல்லு தம்பி!

ஃப்ரெண்ட்ஸ், சின்னதா ஒரு கேள்வி. ஒரு பைக் இன்ஜின்ல ரொம்ப முக்கியமான பார்ட் எது? பிஸ்டன்? கார்ப்பரேட்டர்? ரெண்டு மாசத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற கெத்து வேற! இப்போ கேட்டீங்கன்னா, சட்டைப் பையில இருந்து ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தை எடுத்து நீட்டுவேன். பேரு ஆயில் சீல். விலை 90 ரூபாய். அந்த 90 ரூபாயை மிச்சம் பிடிச்சதுக்குக் கிடைச்ச பரிசு, என் முழங்கையில நாலு தையல்!

கதை எங்க வீட்டுத் திண்ணையில ஆரம்பிக்குது. கும்பகோணம் பக்கத்துல கிராமம். திண்ணையில பன்னிரண்டு வருஷமா கோணி போர்த்திக்கிட்டு நின்னுச்சு தாத்தாவோட யெஸ்டி. எங்க ஊர்ல 'எஸ்டி'ன்னு சொன்னாத்தான் தெரியும். ரைஸ் மில்லுல ஆயில் இன்ஜின் டிரைவரா இருந்த தாத்தா, 1984-ல வாங்கின வண்டி. ஒரு சிலிண்டருக்கு ரெண்டு சைலன்ஸர், கிக்கரை மடக்கினா அதுவே கியர் லீவர்னு வித்தியாசமான பார்ட்டி. 1961-ல இருந்து மைசூர்ல ஜாவா வண்டி தயாரிச்ச ஐடியல் ஜாவா கம்பெனி, 1973-ல 'யெஸ்டி'ன்னு பேரை மாத்துச்சு. 1996-ல தொழிற்சாலையே மூடிட்டாங்க. 2022-ல அதே பேர்ல புது வண்டிங்க வந்துச்சு. ஆனா, அது ஃபோர் ஸ்ட்ரோக். நம்ம ஆளோட சொந்தக்காரன் இல்லை!

ஆவணியில அக்கா கல்யாணம். "பந்தல் போடுறதுக்குள்ள இந்தத் துருப்பிடிச்ச இரும்பைக் கடைக்கு அனுப்பிடணும்" என்று அப்பா தேதி குறிச்சார். தாத்தா ஒண்ணும் பேசலை. சாப்பிட்டுட்டு இருந்தவர், பாதியில கையைக் கழுவிட்டு எழுந்து போயிட்டார். நான் உள்ளே குதிச்சேன். "ரெண்டு மாசம் டைம் குடுங்கப்பா, ஓட்டிக் காட்டுறேன்!"

இன்ஜினை முழுசா பிரிச்சோம். புது போர், புது பிஸ்டன், புது பேரிங். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு 9,000 ரூபாய் காலி. லிஸ்ட்ல கடைசியா மெக்கானிக் அண்ணன் எழுதிக் குடுத்தது, ஆயில் சீல். கும்பகோணத்துல கிடைக்கலை. பழைய சீலைத் துடைச்சுப் பார்த்தேன். கிழியலை, உடையலை, பளபளன்னு இருந்துச்சு. 'இதுக்காக யாரு சென்னைக்குப் போறது?'ன்னு அதையே மாட்டிட்டேன்.

முதல் கிக்லயே ஸ்டார்ட்! தெருவே கைதட்டுச்சு. ஆனா ஒரு விஷயம் மட்டும் இடிச்சது. ஆக்சிலரேட்டரை விட்டாலும் ரேஸ் சட்டுனு இறங்கலை. "ஏர் இழுக்குது போலிருக்கே, சீல் மாத்தினியா?" என்றார் தாத்தா. கூச்சமே இல்லாம, "மாத்திட்டேன் தாத்தா" என்றேன்.

மறுநாள் தாத்தாவைப் பின்னாடி உட்கார வெச்சு பைபாஸ்ல போறேன். ஐம்பதைத் தொட்டிருப்பேன். 'கீச்'னு ஒரு சத்தம், பின் சக்கரம் அப்படியே லாக்! "கிளட்ச்சப் புடிடா!" தாத்தா கத்தினது மட்டும்தான் ஞாபகம். அரை செகண்ட் லேட்டாப் பிடிச்சேன். வாய்க்கால் ஓரமா சாய்ஞ்சு விழுந்தோம். தாத்தாவுக்கு செருப்பு மட்டும்தான் போச்சு. எனக்குத் தையல். உள்ளே புது பிஸ்டன் ஜாம்!

ஏன்? கொஞ்சம் கிளாஸ் எடுக்கிறேன், தூங்கிடாதீங்க. டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல கிராங்க் சுத்துற அறை வெறும் பெட்டி இல்லை, அது ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போறப்போ அந்த அறை பெட்ரோலும் காத்தும் கலந்த கலவையை உறிஞ்சும். கீழே வர்றப்போ அதை சிலிண்டருக்குத் தள்ளும். நிமிஷத்துக்கு 4,000 சுத்துன்னா, ஒரு செகண்டுக்கு 66 தடவைக்கு மேல இந்த வேலை நடக்குது. கிராங்கோட ரெண்டு முனையும் அந்த அறையை விட்டு வெளியே வருதே, அந்த ஓட்டையை அடைக்கிற வாட்ச்மேன்தான் ஆயில் சீல். அவர் தூங்கிட்டா, டைனமோ பக்கம் வெளிக்காத்து உள்ளே வரும். காத்து அதிகமானா பெட்ரோல் பங்கு குறையும். அந்தப் பெட்ரோல்லதானே ஆயிலும் கலந்திருக்கு? சூடு ஏறும், வழவழப்பு குறையும், பிஸ்டன் வீங்கி சிலிண்டரைக் கவ்விக்கும். இன்னொரு பக்கம், கிளட்ச் பக்க சீல் போனா, கியர் ஆயிலை இன்ஜின் குடிச்சிடும். தரையில ஒரு சொட்டு ஒழுகியிருக்காது, ஆனா ஆயில் குறைஞ்சுக்கிட்டே போகும். சைலன்ஸர்ல கொசு மருந்து அடிக்கிற மாதிரி வெள்ளைப் புகை!

ஆக, பையில பழைய சீலைப் போட்டுக்கிட்டு ராத்திரி ரயில் ஏறினேன். வீட்டுல சொன்னது, 'சென்னையில ஃப்ரெண்டைப் பார்க்கப் போறேன்.' இன்னொரு பொய்!

எழும்பூர்ல இறங்கி நடந்தா புதுப்பேட்டை. 2006-ல வந்த தனுஷ் படத்தை வெச்சு ஒரு பயத்தோடதான் போனேன். ஆனா, அங்கே வெட்டுறது எல்லாம் வண்டிங்களைத்தான். சந்துக்குள்ள நுழைஞ்சீங்கன்னா ரெண்டு பக்கமும் மலை மாதிரி பார்ட்ஸ். ஹெட்லைட்டுங்க ஒரு குவியல், சைலன்ஸருங்க ஒரு கட்டு, கதவுங்க ஒரு அடுக்கு. தரையே பழைய ஆயில் குடிச்சுக் கறுப்பா இருக்கு. ஒரு பையன் சுத்தியலால டப் டப்புன்னு இன்ஜினைப் பிரிக்கிறான், பக்கத்துலயே ஒருத்தர் டீயோட பேரம் பேசுறார். நாலு அடிக்கு ஒரு குரல். "இன்னா வண்டி தம்பி? இன்னா வோணும்?"

ஏழெட்டுக் கடை ஏறி இறங்கினதுக்கு அப்புறம், ஒரு பெரியவர் பரணுக்கு மேல இருந்து பழுப்பு காகிதப் பொட்டலம் ஒண்ணை இறக்கினார். உள்ளே பிரிக்காத சீல். யெஸ்டி ஓடின காலத்துச் சரக்கு. எனக்குத் தலைகால் புரியலை. பர்ஸை எடுத்துட்டேன். அவரோ சீலை வாங்கி உதட்டு ரப்பரை நகத்தால அழுத்தினார். பள்ளம் விழுந்தது, திரும்ப எழும்பலை.

"பாத்தியா? செத்துப்போச்சு. பொட்டலத்துக்குள்ளயே இருந்தாலும் ரப்பருக்கு வயசாவும் தம்பி. இரும்பை எங்கையில வாங்கு, ரப்பரை ஜி.பி. ரோட்ல வாங்கு" என்று பொட்டலத்தைத் திரும்ப மடிச்சு வெச்சுட்டார்.

சொன்ன விலைக்கு வாங்கிட்டுப் போயிருப்பேன். அவருக்கு வியாபாரம் ஆகியிருக்கும். எனக்கு இன்னொரு தடவை பிஸ்டன் ஜாம் ஆகியிருக்கும், பின்னாடி தாத்தாவோட. அப்பதான் உறைச்சது. என் பழைய சீலும் பார்க்க நல்லாத்தானே இருந்துச்சு? இரும்பு தேய்ஞ்சா கண்ணுக்குத் தெரியும். ரப்பர் சூட்டுலயும் ஆயில்லயும் காத்துலயும் சத்தமில்லாம இறுகிடும். பல வருஷம் அசையாம நின்ன வண்டியில, உதடு அதே வடிவத்துல உறைஞ்சு போயிடும். சுத்துற கிராங்க்கோட சேர்ந்து வளைஞ்சு குடுக்காது.

கூவம் பாலத்தைத் தாண்டி அண்ணா சாலை வந்து, ஜி.பி. ரோடு போய்ச் சேர்ந்தேன். முழுப் பேர் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. புதுப்பேட்டை வண்டிங்களோட கடைசி ஸ்டாப்னா, இது பிரசவ வார்டு! எல்லாம் புதுசு. ஆள் நுழையுற அகலத்துல கடை, கூரை வரைக்கும் அட்டைப் பெட்டி, ஏணி மேல ஒரு பையன். பேரிங்குக்கும் சீலுக்கும் மட்டுமே ஒரு கடை. "அண்ணே, யெஸ்டிக்கு கிராங்க் சீல்..."ன்னு ஆரம்பிச்சேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கலை.

"வண்டி பேரு வேணாம். மூணு நம்பர் சொல்லு தம்பி!"

இதுதான் ஃப்ரெண்ட்ஸ், நான் அங்கே கத்துக்கிட்ட பாஷை. சீலுக்கு ஊரும் கிடையாது, கம்பெனியும் கிடையாது. உள் விட்டம், வெளி விட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டர்ல. 20-35-7னா, 20 மில்லி ஷாஃப்ட்டுக்கு, 35 மில்லி குழியில உட்கார்ற, 7 மில்லி தடிமன் சீல். அளவு பொருந்தினா மைசூர் வண்டியோட மூடின தொழிற்சாலையைத் தேடி அழ வேண்டியதே இல்லை. இன்னைக்கு ஓடுற வேற ஏதோ மெஷினோட சீலே நம்ம வண்டியைக் காப்பாத்திடும்.

என் பழைய சீல்ல நம்பர் அழிஞ்சு போயிருந்துச்சு. வெர்னியரை வெச்சுப் பார்த்துட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார். "தேய்ஞ்ச ரப்பரை அளந்தா தப்பா வரும். ஷாஃப்ட்டையும் சீல் உக்கார்ற குழியையும் அளந்துட்டு வா."

ஷாஃப்ட் 300 கிலோமீட்டர் தள்ளித் திண்ணையில கிடக்கு! வேற வழியில்லாம வீட்டுக்கு போன் அடிச்சேன். எடுத்தது தாத்தா.

"தாத்தா... என் மேஜையில வெர்னியர் இருக்கும். கிராங்க்குல சீல் உட்கார்ற இடத்தை ரெண்டு பக்கமும் அளந்து சொல்லணும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதான் மாத்திட்டேன்னியே?"

ஜி.பி. ரோட்ல அத்தனை ஹாரன் சத்தத்துக்கு நடுவுலயும் என் காது அடைச்சுப்போச்சு. "இல்ல தாத்தா. பழசையே போட்டுட்டேன். பொய் சொன்னேன்."

"இரு" என்றார். வெச்சிட்டார். பத்து நிமிஷம், பத்து மணி நேரம் மாதிரி. திரும்ப அவரே கூப்பிட்டார். திட்டு விழும்னு கண்ணை மூடிக்கிட்டேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் மூணு மூணு நம்பர், தெளிவா, ரெண்டு தடவை சொன்னார். மில்லுல முப்பது வருஷம் இன்ஜின் பார்த்த கை ஆச்சே! கடைசியா, "கியர்பாக்ஸ் முனையிலயும் கிக்கர் ஷாஃப்ட்லயும் சீல் இருக்கு. அதுக்கும் நம்பர் எழுதிக்க. பிரிச்ச இன்ஜின்ல பழைய ரப்பர் எதுவும் திரும்பப் போகக் கூடாது" என்றார். அவ்வளவுதான்.

பேப்பரைக் கடைக்காரர்கிட்ட நீட்டினேன். ஏணிப் பையன் மூணே நிமிஷத்துல எடுத்துப் போட்டான்.

உங்க வீட்டுலயும் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் தூங்குதா? இன்ஜினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி இதைக் கத்தரிச்சு வெச்சுக்கோங்க.

* சீல் ஓடின இடத்துல ஷாஃப்ட்டை நகத்தால தடவுங்க. பள்ளம் தட்டுப்பட்டா புது சீலும் ஒழுகும். முதல்ல அதைச் சரி பண்ணணும்.

* பழைய சீலை எடுக்கிறதுக்கு முன்னாடி எது உள்பக்கம் பார்த்திருக்குன்னு செல்போன்ல ஒரு படம் எடுத்துக்கோங்க. திருப்பி மாட்டினா போட்டும் வேஸ்ட்!

* ஷாஃப்ட்ல காடி, மரை இருந்தா டேப் சுத்திட்டு, உதட்டுல ஆயிலோ கிரீஸோ தடவி நுழைங்க. உள்ளே இருக்கிற குட்டி ஸ்பிரிங் கழண்டுடக் கூடாது.

* சுத்தியலால நேரா அடிக்காதீங்க. சீலோட வெளி விளிம்புல உட்கார்ற சைஸுக்கு ஒரு பாக்ஸ் ஸ்பானரை வெச்சு, நாலு பக்கமும் சமமா இறக்குங்க.

* பெட்ரோல் டியூப், டேப் வாஷர், கார்ப்பரேட்டர் ஓ-ரிங்கையும் விடாதீங்க. 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊத வெச்சு மெத்துன்னு ஆக்கிடும். அங்கே 'வைட்டான்'னு கேட்டு வாங்குங்க. விலை கூடத்தான், ஆனா சூட்டையும் எத்தனாலையும் நல்லாவே தாங்கும்.

ஊருக்குத் திரும்பினதும் பழைய சீலைத் தாத்தா கையில குடுத்தேன். ரெண்டு விரலால லேசா வளைச்சார். 'டக்'னு ரெண்டா உடைஞ்சது. என்னைப் பார்த்தார், தூக்கி எறியலை, ஒரு பாதியை என்கிட்டயே குடுத்தார். அதுதான் இப்போ பர்ஸ்ல இருக்கு. பையில இருக்கிறது ஸ்பேர்!

திரும்ப போர் போட்டு, வேற பிஸ்டன் வாங்க அப்பாதான் காசு குடுத்தார், தாத்தா கேட்டதால. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முன்னாடி வண்டி கிளம்புச்சு. இந்தத் தடவை தெருவுல யாரும் கைதட்டலை, எல்லாரும் கொஞ்சம் தள்ளித்தான் நின்னாங்க! ஆக்சிலரேட்டரை முறுக்கிட்டு விட்டேன். ரேஸ் சட்டுனு இறங்கி, 'டுக்... டுக்...'னு நின்னு பேசுச்சு.

தாத்தா காதைச் சாய்ச்சுக் கேட்டார். "ஏர் இழுக்கலை" என்றார். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, "நகரு, இன்னிக்கு நான் ஓட்டுறேன்" என்று முன்னாடி உட்கார்ந்தார்.

நான் பின் சீட்ல!