நிலமங்கை என்றொரு பெயர்

மாமல்லபுரத்தில் பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தலசயனப் பெருமாள் கோயில். 108 திவ்வியதேசங்களில் ஒன்று. பூதத்தாழ்வார் அவதரித்த ஊர், திருமங்கையாழ்வார் கடல்மல்லை என்று பாடிய தலம். இங்கே தாயாருக்குப் பெயர் நிலமங்கை. அகராதி தேடாமலே பொருள் விளங்கும். மெல்லின எழுத்துகளே மிகுந்து, சொல்லவும் கேட்கவும் இதமான பெயர். இருந்தும், வகுப்பில் இரண்டு நிலமங்கைகள் இருப்பதால் இனிஷியலைச் சேர்த்துக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று இந்த வட்டாரத்தில் எந்த ஆசிரியரும் சொல்லப்போவதில்லை. இவ்வளவு நல்ல பெயர் ஏன் தெருவுக்கு வரவில்லை? பொருளையும் தெய்வத்தின் புகழையும் வடசொல் மோகத்தையும் காரணமாகச் சொல்வது வழக்கம். எனக்கு அவை போதவில்லை. வீட்டில் வாய்நிறைய, நாளைக்கு நூறு தடவை கூப்பிடும்போது எந்த இடத்தில் உடைகிறதோ, உடைந்த துண்டு தனியே நிற்கிறதோ, அந்தப் பெயர்தான் பரவுகிறது. நிலமங்கை உடைவதில்லை.

இதே பாணியில் அமைந்த இன்னொரு பெயரைப் பக்கத்தில் வைத்தால் விஷயம் துலங்கும். திருச்சானூர்த் தாயார் அலர்மேல்மங்கை. தமிழ் வீடுகள் அந்தப் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. அலமேலு என்றார்கள், அதுவும் நீளம் என்று அலமு என்றார்கள். இன்னொரு பக்கம் மங்கம்மா, மங்கா. மலர்மேல் இருப்பவள் என்ற பொருள் அலமேலுவில் யார் காதிலும் விழுவதில்லை. அதனால் யாருக்கும் குறையும் இல்லை. இப்போது நிலமங்கையை உடைத்துப் பாருங்கள். பின்பாதியை எடுத்தால் நிற்பது நிலம். பெண் குழந்தையை நிலம் என்று யார் கூப்பிடுவார்கள்? அதுவும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், அந்தச் சொல்லைக் கேட்டதுமே பட்டாவும் சென்ட் விலையும் நினைவுக்கு வரும் ஊரில்! முன்பாதியை எடுத்தால் மிஞ்சுவது மங்கை. அது எல்லாருக்கும் பொது. மங்கையர்க்கரசியும் மங்கைதான், அலர்மேல்மங்கையும் மங்கைதான். கடல்மல்லையின் அடையாளம் அதில் ஒட்டியிருக்காது.

பொருள்தான் தடை என்பவர்களுக்குப் பதில் எளிது. பூமா, பூமிகா, வசுந்தரா, அவனி எல்லாம் பூமியைக் குறிப்பவைதாம். எல்லாம் வீடுகளில் இருக்கின்றன. அப்படியானால் வடசொல் மோகம்தானே என்று அடுத்த கேள்வி வரும். மோகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மலர்விழியும் கயல்விழியும் தமிழ்ச்செல்வியும் யாழினியும் பரவிய நாடு இது. தமிழ் என்பதற்காக ஒரு பெயர் தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. மங்கை என்பது ஒரு பருவத்தின் பெயர், பாட்டியானால் பொருந்துமா என்றும் கேட்கலாம். எழுபது வயதுப் பாட்டியைப் பாப்பா என்று கூப்பிடும் ஊரில் அந்தக் கேள்வி எடுபடாது.

தெய்வத்தின் புகழ் என்ற வாதம் கொஞ்சம் கனமானது. மாமல்லபுரத்துத் தலக்கதையில் தாயாருக்கு வேலை இல்லை. புண்டரீக முனிவர் பெருமாளுக்குத் தாமரை சாத்தக் கடல்நீரை இறைக்கப் பார்க்கிறார். பெருமாள் முதியவராக வந்து சோறு கேட்கிறார். முனிவர் சோற்றோடு திரும்பி வருவதற்குள் தரையிலேயே பள்ளிகொள்கிறார். நிலமங்கை எங்கேயும் வாய் திறப்பதில்லை. வடக்கே இதே கடற்கரையிலுள்ள திருவிடந்தையில் கதையே பெண்களுடையது. காலவ முனிவரின் 360 பெண்களை நாளுக்கு ஒருவராகப் பெருமாள் மணந்து, கடைசியில் அத்தனை பேரையும் ஒருத்தியாக்கித் தம் இடப்பக்கம் ஏற்றார் என்பது ஐதீகம். மூத்தவள் பெயர் கோமளவல்லி. ஒன்றாகிச் சேர்ந்தவள் அகிலவல்லி. (மற்ற 359 பேருக்கும் பெயர் வைக்கக் கதை சொன்னவர்களுக்கே பொறுமை இல்லை.) கோமளவல்லி நாடறிந்த பெயர், ஜெயலலிதாவுக்கு முதலில் இட்ட பெயரும் அதுவே. ஆக, கதை இருந்தால் பெயர் பிழைக்கும் என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் அதே கதையில் வரும் அகிலவல்லி ஏன் பிழைக்கவில்லை? கோமளவல்லி கோமளாவாகவும் கோமளமாகவும் உடைந்தாள். அகிலவல்லியை உடைத்தால் அகிலா. அந்தத் துண்டைத் திருவானைக்காவின் அகிலாண்டேஸ்வரி முன்பே எடுத்துக்கொண்டாள். கும்பகோணம் சாரங்கபாணி கோயில் தாயாரும் கோமளவல்லிதான் என்பதால் அந்தப் பெயருக்கு இரண்டு ஊர் பலம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பலம் பெயரை வாசல்வரை கொண்டுவரும். உள்ளே புழங்க வைப்பது கோமளா என்ற அந்தத் துண்டு.

கல்கி இதற்கு நல்ல சாட்சி. 1950 முதல் 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வ’னில் குந்தவை பெரியவள், வானதி அவள் நிழலில் நிற்பவள். பிள்ளைகளுக்கு வைப்பதில் வானதியே முந்தியதாகத் தெரிகிறது. செங்கல்பட்டுப் பேச்சில் குந்து என்றால் உட்கார் என்று அர்த்தம். குந்தவை என்று பெயர் வைத்த வீட்டில் பள்ளிக்கூடக் கேலிக்குப் பஞ்சம் இருக்காது. கதையின் முழுப் பலமும் சோழ இளவரசியின் கல்வெட்டுப் புகழும் சேர்ந்தும், வாயில் படும் ஒரு சின்ன இடறலைச் சரிக்கட்ட முடியவில்லை.

கல்வெட்டுப் புகழ் என்றதும் மாமல்லபுரத்து ஆதிவராகர் குகைக்கோயில் நினைவுக்கு வருகிறது. உள்சுவரில் இரண்டு அரச குடும்பங்கள். ஒரு பக்கம் சிம்மவிஷ்ணு அமர்ந்திருக்க, இருபுறமும் தேவியர் நிற்கிறார்கள். எதிர்ப்பக்கம் மகேந்திரன் நின்றபடி, ஒரு தேவியின் கையைப் பற்றி அழைத்துச் செல்கிறான், இன்னொருத்தி பின்னால். அரசர்கள் இருவருக்கும் மேலே கிரந்த எழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறது. நான்கு பெண்களுக்கும் இல்லை. கைப்பிடி, இடை, மகுடம் எல்லாம் உளிக்கு முக்கியமாகப் பட்டன, பெயர் படவில்லை. சரி, கல்லில் வெட்டியிருந்தால் பிழைத்திருக்குமா? காஞ்சி கைலாசநாதர் கோயில் வளாகத்தில் சிற்றாலயம் எடுத்த ரங்கபதாகையின் பெயரும், பிராகிருதச் செப்பேட்டில் வரும் பல்லவ அரசி சாருதேவியின் பெயரும் நமக்குத் தெரியும். படித்தவர்களுக்குத் தெரியும் என்பதோடு சரி. ரங்கபதாகை என்று இன்று எந்தத் தொட்டிலிலும் காதில் விழவில்லை.

மறைமலை அடிகள் வீட்டுப் பெயர்கள் இதற்கு ஒரு சோதனைச் சாலை மாதிரி. நாகப்பட்டினத்தில் 1876-ல் பிறந்தவர். பெற்றோர் திருக்கழுக்குன்றத்து இறைவனை வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதால் வேதாசலம். 1916 வாக்கில் தனித்தமிழை எடுத்துக்கொண்டபோது அந்த வேதமலையே மறைமலையாயிற்று. செங்கல்பட்டுக்கு வடக்கே மறைமலை நகர் என்று இன்று ஊர்ப்பெயராகவே நிற்கிறது. மக்கள் பெயரையும் மாற்றினார். மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார். திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். இரண்டும் ஒரே கை செய்த வேலை, ஒரே கொள்கை. மணிமொழி என்ற பெயர் தமிழ்நாடு முழுக்கச் செல்லுபடியாயிற்று; மணி என்று சுருங்கவும் அதற்குத் தெரியும். முந்நகரழகி அந்த வீட்டைத் தாண்டி வரவே இல்லை. திருக்கழுக்குன்றம் தாழக்கோயில் அம்மன் பெயரும் திரிபுரசுந்தரிதான். அவளைச் சுற்றியுள்ள ஊர்களில் அந்தப் பெயர் சுந்தரியாகச் சுளுவாக இறங்கிவிடும். முந்நகரழகியை அழகி என்று கூப்பிட்டால் அது பெயராகப் படாமல் பாராட்டாகவோ கிண்டலாகவோ படும். அடிகளின் தமிழில் குறை இல்லை. அந்தச் சொல் எழுதுவதற்குப் பிறந்தது.

இன்னும் ஒரு மறுப்பு இருக்கிறது, அதைத்தான் நான் லேசாக ஒதுக்க முடியவில்லை. தலசயனப் பெருமாள் கோயில் யாருடையதாக இருந்தது என்ற கேள்வி. மாசி மகத்துக்கு இருளர்கள் பல ஊர்களிலிருந்தும் மாமல்லபுரக் கடற்கரைக்கு வந்து, மணலில் கூடாரம் போட்டு, கடலில் இருக்கும் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். காதுகுத்து, திருமணம், குழந்தைக்குப் பெயர் வைப்பது எல்லாம் அங்கேயே. தாயார் சன்னதி கூப்பிடு தூரம்தான். இருந்தும் கன்னியம்மா, கன்னியப்பன் என்ற பெயர்கள் இந்த வட்டாரம் முழுக்க இருக்க, நிலமங்கை இல்லை. யாருக்குக் கோயில் கதவு நீண்ட காலம் மூடியிருந்ததோ அவர்கள் அந்தத் தாயார் பெயரை ஏன் எடுப்பார்கள்? நியாயம். ஆனால் கதவு என்றும் திறந்தே இருந்த வீடுகளும் அந்தப் பெயரை எடுக்கவில்லையே! அங்கே கோதையும் ரங்கநாயகியும் அலமேலுவும் தலைமுறை தலைமுறையாக வந்தார்கள். கன்னியம்மா என்பதைக் கன்னிமா என்று வாய் உருட்டிக்கொள்கிறது. இரு தரப்புக்கும் நாக்கு ஒன்றுதான்.

நம்மூரில் பிறப்பைப் பெயர் இல்லாமலே பதிந்துவிடலாம். 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை. தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். அந்த இடைவெளியில் குழந்தையை ஏதோ ஒன்று சொல்லிக் கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும்? பல வீடுகளில் அந்தக் கூப்பிடு பெயரே சான்றிதழ்வரை போய்விடுகிறது. இதில் நிலமங்கைக்கு ஒரு வழி புதிதாகத் திறந்திருக்கிறது. இரண்டு தலைமுறைக்கு முன் நிலா என்று பெண்ணுக்குப் பெயர் வைப்பது அபூர்வம், இன்று சர்வசாதாரணம். நிலமங்கையை இனி நிலா என்று கூப்பிடலாம். நிலமும் நிலாவும் வேறு வேறு என்று புலவர்கள் முகம் சுளிக்கலாம். அலமேலுவில் அலர் எங்கே என்று கேட்டால் அவர்களாலும் சொல்ல முடியாது. நிலா போதும் என்கிறவர்கள் நேரே நிலா என்றே வைத்துவிடுவார்கள் என்பதும் உண்மை. ஆனால் கூப்பிட ஒன்று, அழைப்பிதழில் அச்சடிக்க ஒன்று என்று இரண்டு பெயருக்கு ஆசைப்படும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீடுகளுக்குக் கடல்மல்லைத் தாயாரின் பெயர் இப்போதுதான் முதல்முறையாகத் தோதாக வந்திருக்கிறது.