ஐயோவா விலையில் ஒரு பாறசாலைக் கணக்கு

எல்லையில் வாழ்கிறவர்களுக்கு விலை என்பது நிற்கிற இடத்தைப் பொறுத்தது. களியக்காவிளையில் தமிழ்நாட்டு பங்க். கொஞ்ச தூரம் தள்ளி இஞ்சிவிளை, அது கேரளம். பெட்ரோல் ஒன்றுதான், ரேட் வேறு. 2023 ஏப்ரலில் கேரள அரசு லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் போட்டதிலிருந்து பாறசாலை, நெய்யாற்றின்கரைக்காரர்கள் டேங்கை எங்கே நிரப்புவது என்பதில் இன்னும் கவனமாகிவிட்டார்கள். மின்சாரமும் அப்படித்தான். அந்தப் பக்கத்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இந்தப் பக்கம் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே ஒரே உயர் ரேட். 1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடு தமிழர்களோடு போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. அதன் பில் மாதாமாதம் வருகிறது என்று என் அப்பா சொல்வார்.

நான் வேலை பார்ப்பது திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில். எங்களிடம் சொந்த சர்வர்கள் உண்டு. அவற்றில் கூபர்நெட்டிஸ் ஓடுகிறது. எந்தக் குழு எவ்வளவு செலவழிக்கிறது என்று பார்க்க ஓப்பன்காஸ்ட் என்ற இலவசக் கருவியைப் போட்டிருந்தோம். சென்ற ஆண்டு முதல் மாத அறிக்கை வந்ததும் மேலிடம் அதிர்ந்தது. இரண்டே பேர் நடத்தும் ஒரு சிறு திட்டம் மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் தின்கிறதாம். மூடிவிடலாம் என்று பேச்சு கிளம்பியது. அந்த இருவரில் ஒருத்தி களியக்காவிளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். “அண்ணா, மெஷின் இஞ்சதானே கிடக்கு? யாருக்கு நாம வாடகை குடுக்கோம்?” என்று கேட்டாள்.

கேள்வி சரியானது. பெரிய கிளவுட் நிறுவனங்கள் என்றால் கருவி அவர்களிடமே விலைப் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். சொந்த மெஷினுக்குப் பட்டியல் ஏது? விலை சொல்லப்படாவிட்டால் அது தன்னுள் இருக்கும் விலையை எடுத்துக்கொள்கிறது: ஒரு சிபியு கோருக்கு மணிக்கு 0.031611 டாலர், ஒரு ஜிபி ராமுக்கு 0.004237 டாலர். அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்து கூகுள் மையத்தை ஒட்டிய விலை இது. எங்கள் சர்வரில் 32 கோர், 128 ஜிபி. பெருக்கிப் பாருங்கள்: மணிக்கு 1.55 டாலர். 85 ரூபாய் மேனிக்கு 132 ரூபாய். அந்தத் திட்டத்தின் பங்கு மெஷினில் கால்வாசி.

ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எங்கள் விலையைப் போட்டேன். சர்வர் வாங்கியது 6 லட்சத்துக்கு. ஐந்து ஆண்டு உழைக்கும் என்றால் 43,800 மணி நேரம், மணிக்கு 13.70 ரூபாய். ஏசியையும் சேர்த்து மணிக்கு 0.6 யூனிட் கரண்ட், யூனிட் 10 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 6 ரூபாய். அறை, இணைய இணைப்பு, பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளத்தில் ஒரு பங்கு எல்லாம் 10 ரூபாய். மொத்தம் 29.70. (பார்த்துக்கொள்ளும் ஆளை எல்லோரும் கணக்கில் விட்டுவிடுவார்கள். சொந்த சர்வர் மலிவு என்று மார்தட்டுகிறவர்களிடம் இதை முதலில் கேட்க வேண்டும்.)

இதைக் கோருக்கும் ராமுக்கும் எப்படிப் பிரிப்பது? விதி எதுவும் கிடையாது. ஐயோவா விலையிலேயே 65-க்கு 35 என்ற விகிதம் இருந்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டேன். கோருக்கு மணிக்கு சுமார் 60 பைசா, ஜிபிக்கு 8 பைசா. விலை மணிக்கா, மாதத்துக்கா என்பதை மட்டும் இருமுறை சரிபார்த்தேன். மாறிப்போனால் கணக்கு 730 மடங்கு தப்பும்.

புது ரேட்டில் அந்தத் திட்டத்தின் செலவு மாதம் 5,400 ரூபாய். இங்கேயே நிறுத்தியிருந்தால் எங்களுக்கு வசதி. ஆனால் அந்த மெஷின் பாதி நேரம் சும்மா கிடந்தது. சும்மா கிடப்பதற்கும் கரண்ட் போகிறது, தேய்மானம் போகிறது. அந்தப் பணத்தை யார் தலையில் கட்டுவது? ஓடுகிறவர்கள் தலையில் முழுதும் கட்டினால் 10,800 ரூபாய் வரும். இரண்டு எண்களையும் தனித்தனி வரியில் எழுதினேன். சும்மா கிடக்கும் பங்கு பெரிய சர்வரை வாங்கச் சொன்னவர்களின் பொறுப்பு என்று குறிப்பும் சேர்த்தேன். அது மேலிடத்துக்கு ரசிக்கவில்லை. ஆனால் கூட்டல் தப்பு என்று யாரும் சொல்லவில்லை.

திட்டத்துக்கு இன்னும் ஓராண்டு கொடுத்திருக்கிறார்கள். மின் கட்டணம் மாறும்போதெல்லாம் அந்த 6 ரூபாயைத் திருத்த வேண்டும். சர்வருக்கு ஐந்து ஆண்டு முடிந்ததும் 13.70-ஐ எடுத்துவிடலாம் என்கிறார் கணக்குப் பிரிவுக்காரர். அடுத்த சர்வருக்கு யார் பணம் சேர்ப்பது என்கிறேன் நான். அந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.