சாகாமத்தில் கேட்ட தாலாட்டு

கல்முனையிலிருந்து தெற்கே போகும் பஸ், சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று ஒவ்வோர் ஊராக நின்று நின்று அக்கரைப்பற்றை அடைகிறது. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் வயல். அக்கரைப்பற்றில் இறங்கி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்பக்கம் திரும்பினால் சாகாமம் வீதி. அதன் வழியே போனால் குளமும் வயலும் காடும் சேர்ந்த சாகாமம். பெண்கள் சேமிப்புக் குழுவொன்றின் கூட்டத்துக்காக நான் அங்கு போனேன். கேட்டு வந்ததோ பாட்டைப் பற்றிய கதை.

இந்தக் கரையோரப் பாதையே ஒரு பாட்டுப் பாதைதான். 1892இல் காரைதீவில் பிறந்தவர் சுவாமி விபுலானந்தர். கண்ணகியின் கதையைச் சொல்லும் சிலப்பதிகாரத்தை ஆராய்ந்து, வழக்கொழிந்து போன யாழ்களின் இலக்கணத்தை அவர் மீட்டெடுத்தார். 1947 ஜூனில் 'யாழ் நூல்' அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். அடுத்த ஊர் நிந்தவூர். முஸ்லிம் மக்களின் நாட்டார் பாடல்களை வாய்மொழியாகக் கேட்டுச் சேகரித்து நூல்களாக்கிய எஸ். முத்துமீரான் அவ்வூரவர். சாகாமத்திலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கினால் தம்பிலுவில். அங்கே கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரைக் காவியம் பாடப்படுகிறது. ஏட்டில் இருக்கும் கண்ணகியும் பாட்டில் இருக்கும் கண்ணகியும் ஒரே கரையில் வாழ்கிறார்கள்.

ஆனால் ஏட்டிலும் கோயிலிலும் ஏறாத பாட்டுகள் பல பெண்களிடம் இருந்தன. பிள்ளையை ஆட்டும்போது தாலாட்டு, சித்திரைக்கு ஊஞ்சல் பாட்டு, வயல் வேலையின்போது கவி, சாவு வீட்டில் ஒப்பாரி, நல்ல காரியத்துக்குக் குரவை. இவற்றுக்கு மேடையும் இல்லை, கைதட்டலும் இல்லை. சோறு சமைப்பதுபோல, கூந்தல் முடிப்பதுபோல, அவை அன்றாட வாழ்க்கையின் ஒரு பகுதி.

பாட்டு எப்படிக் கைமாறியது? தமிழராயினும் முஸ்லிம்களாயினும் இந்தக் கரையில் தாய்வழிக் குடிமுறை உண்டு. மகள் கலியாணம் முடித்தால் வீடு மகளுக்கு. அக்கா தங்கையர் அடுத்தடுத்த வளவுகளில் குடியிருப்பார்கள். 1969 முதல் அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த மானுடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளிவந்த தமது நூலில் இந்த ஒற்றுமையை விரிவாக எழுதியிருக்கிறார். தாயும் பெரியம்மாவும் சின்னம்மாவும் ஒரே வேலிக்குள் இருந்தால், ஒரு தாலாட்டை நாலு பேர் பாடக் கேட்டு வளர்கிறது பெண்பிள்ளை. யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தபோது இந்த வேலிகள்தான் முதலில் உடைந்தன. கிழக்கில் தமிழரும் கொல்லப்பட்டார்கள், முஸ்லிம்களும் கொல்லப்பட்டார்கள். குடும்பங்கள் திசைக்கொன்றாய்ச் சிதறின. அகதி முகாமில் பத்துக் குடும்பம் ஒரு மண்டபத்தில் படுக்கும்போது எந்தத் தாய் வாய்விட்டுத் தாலாட்டுவாள்? பிள்ளையின் வாயைப் பொத்திய இரவுகள் அவை.

கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கையில், "முந்தி இங்க என்ன பாட்டுப் பாடுவீங்க?" என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. 1990இல் வீட்டை விட்டுப் போன அவருடைய கணவர் திரும்பவில்லை. அப்போது மகளுக்கு ஒரு வயது.

"கவி பாடினா, புருஷனத் துலைச்சவளுக்குப் பாட்டு வேணுமாம் எண்டு சொல்லுவாங்க மகள். சரி, ஒப்பாரி வைப்பம் எண்டா, அவர் செத்துட்டார் எண்டு ஆர் சொன்ன? நானே ஒப்பாரி வெச்சா நானே அவரச் சாகடிச்ச மாதிரி. அப்ப நான் எந்தப் பாட்டப் பாடுற?"

எனக்குப் பதில் வரவில்லை. சமூகவியல் வகுப்பில் சடங்குகளைப் பற்றிப் படித்தோம். சாவுக்கு ஒரு சடங்கு, பிறப்புக்கு ஒரு சடங்கு. காணாமல் போனவருக்கு எந்தச் சடங்கும் இல்லை. அதனால் பாட்டும் இல்லை. சட்டம்கூடப் பிந்தித்தான் வழி கண்டது. 2016இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின்னரே, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக ஒருவர் காணாமற்போயுள்ளார் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற முடிந்தது. சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு கடுதாசி கிடைக்கவே அத்தனை வருடம்.

ஆனால் அந்த அம்மா தனக்குத் தானே ஒரு வழி கண்டிருந்தார். பேரப்பிள்ளையை ஏணையில் போட்டு ஆட்டும்போது அவர் பாடுகிறார். "தாலாட்டு ஊருக்கில்லத்தானே, புள்ளைக்குத்தானே. அத ஆரும் குத்தம் சொல்ல ஏலா." அந்தப் பாட்டில் குளம் வருமாம், வயற்காவல் பரண் வருமாம், இரவில் இறங்கும் யானை வருமாம். பிள்ளையின் பாட்டனார் நடந்து போன பாதையும் வருமாம். அவர் வந்தார் என்றும் வராது, செத்தார் என்றும் வராது. "பாட்டில அவர் நடந்துகொண்டே இருப்பார்" என்றார்.

பாய் இழைக்கப் பன் வாங்க அக்கரைப்பற்றிலிருந்து வந்திருந்த உம்மா ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு திண்ணையில் இருந்தார். அவருடைய மகனும் போரில் போனவர்தான். "எனக்குப் பாட வராது. கேக்கத்தான் தெரியும்" என்றார். மருமகள் வாங்கிக்கொடுத்த போனில் நாகூர் ஹனீபாவின் பாட்டுகளைக் காதில் வைத்துக் கேட்பாராம். முன்பெல்லாம் வானொலிப் பெட்டிதான். காலையில் 'பொங்கும் பூம்புனல்' போகும்போது அடுப்படி வேலை சுறுக்காய் முடியும். சண்டைக் காலத்தில் அதே பெட்டியில் செய்தியைத்தான் பயந்து பயந்து கேட்டார்களாம். "இப்ப பாட்டக் கேக்கக்குள்ள மனசு கொஞ்ச நேரம் என்ட கையில இருக்கு" என்றார். பிறகு இரண்டு பேரும் பன்னின் விலையைப் பேசத் தொடங்கினார்கள்.

வாசகியரே, பாட்டு நீதிக்கு ஈடாகாது. காணாமல் போனவர் எங்கே என்ற கேள்விக்கு அது பதிலும் ஆகாது. அந்தக் கேள்வியை நாம் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு மூச்சு வேண்டாமா? துக்கப்பட்டவள் பாடினால் துக்கத்தை மறந்துவிட்டாள் என்று நினைக்கிறோம். சாகாமத்து அம்மா மறக்கவில்லை. மறக்காமல் இருப்பதற்காகவே அவர் பாடுகிறார்.

ஆகவே, அடுத்த வளவில் கணவரை இழந்த பெண்ணொருத்தி வாய்க்குள் ஒரு பாட்டை முணுமுணுத்தால் காது கொடுங்கள், நாக்கை நீட்டாதீர்கள். உங்கள் தாய்க்கோ மாமிக்கோ ஒரு தாலாட்டுத் தெரிந்தால், பிள்ளைகளின் போனில் அதைப் பதிந்து வையுங்கள். சொல் மறந்த இடத்தில் உங்கள் சொல்லைப் போடுங்கள். தாலாட்டு என்றைக்கும் அப்படித்தான் வளர்ந்தது. பாட வராதென்றால் பிடித்த பாட்டைக் கேளுங்கள். ஒரு நாளில் ஒரு பாட்டு நேரமாவது உங்களுக்கென்று இருக்கட்டும். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.