ஒலிம்பிக் கொடியின் பின்னால் மூவர்

உவரி, 2014 பிப்ரவரி 7, வெள்ளி

ரஷ்யாவின் கருங்கடல் கரையிலுள்ள சோச்சி நகரில் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் இந்திய நேரப்படி இன்றிரவு ஏறத்தாழ 9.45 மணிக்குத் தொடங்கின. தொடக்க விழா அணிவகுப்பில் இந்திய வீரர்கள் மூவண்ணக் கொடி இல்லாமல், ஐந்து வளையங்கள் பொறித்த ஒலிம்பிக் கொடியின் பின்னால் நடந்து வந்தனர். அக்கொடியை ஏந்தியவரும் அவர்களில் ஒருவரல்லர், விழாவின் தன்னார்வலர். சிவ கேசவன், ஹிமான்ஷு தாக்கூர், நதீம் இக்பால் ஆகிய மூவரும் ‘சுயேச்சை ஒலிம்பிக் பங்கேற்பாளர்’ என்ற தகுதியில் போட்டியிடுகின்றனர். சொந்த நாட்டின் ஒலிம்பிக் அமைப்பு செயல்பட இயலாத நிலையில் வீரர்களின் வாய்ப்பு பறிபோகாமல் காப்பதற்கான ஏற்பாடு இது. 1992இல் பார்சிலோனாவில் யூகோஸ்லாவிய வீரர்களுக்கும், 2000இல் சிட்னியில் கிழக்குத் திமோர் வீரர்களுக்கும் இத்தகைய வழி திறக்கப்பட்டது. அங்கே காரணம் போரும் அரசியல் பிரிவினையும். இந்திய வீரர்களை இந்நிலைக்குத் தள்ளியதோ ஒரு சங்கத் தேர்தல். இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தேர்தல் நடைமுறை ஒலிம்பிக் சாசனத்துக்கு ஒத்ததாக இல்லை என்று கூறிச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2012 டிசம்பர் 4 அன்று அச்சங்கத்தை இடைநீக்கம் செய்தது. ஊழல் வழக்கில் குற்றச்சாட்டு பதிவானவர்கள் பதவிக்குப் போட்டியிடக் கூடாது என்ற நிபந்தனையை ஏற்று விதிகளைத் திருத்தவே சங்கத்துக்கு ஓராண்டு ஆயிற்று; புதிய தேர்தலும் தொடக்க விழாவுக்கு முன்னர் நடைபெறாமல், இரண்டு நாள் கழித்தே நடைபெறவிருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

லூஜ் ஆடவர் தனிநபர் போட்டியின் முதல் இரு ஓட்டங்கள் இன்று நடைபெற்றன. லூஜ் என்பது சிறிய சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டி, வளைந்து இறங்கும் பனிக்கட்டித் தடத்தில் மணிக்கு 130 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் பாயும் விளையாட்டு. நான்கு ஓட்டங்களின் நேரத்தைக் கூட்டி, வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை கணக்கிட்டு வரிசை நிர்ணயிக்கப்படுகிறது. வண்டியில் சுக்கான் கிடையாது. கெண்டைக்காலால் வண்டியின் முன்வளைவை அழுத்தியும் தோளைச் சற்றே தாழ்த்தியும்தான் திசை திருப்ப வேண்டும். உவரிக் கரையில் அலை உடையும் இடத்தைக் கடக்கும் வள்ளத்தை அளவுக்கு மேல் திருப்பினால் அது அலைக்குக் குறுக்கே விழுந்துவிடுவதைப் போல, தடத்தின் வளைவில் அழுத்தம் சிறிது மிகுந்தாலும் வண்டி பக்கச்சுவரில் மோதிவிடும். கேசவனின் பயிற்சி ஓட்டமொன்றில் நேர்ந்த விபத்து இதன் கடுமையைக் காட்டியது: வண்டியிலிருந்து சறுக்கி விழுந்து, முதுகு பனிக்கட்டியில் உராய அதனோடு இழுபட்டுச் சென்றபோதும், அவர் பிடியை விடாமல், ஓடிக்கொண்டிருந்த வண்டியின்மீதே மறுபடி ஏறிப் படுத்து ஓட்டத்தை முடித்தார். இமாசலப் பிரதேசத்து மணாலிப் பகுதியில் பிறந்த அவருக்கு இது ஐந்தாவது ஒலிம்பிக். செயற்கைப் பனித்தடம் ஒன்றேனும் இல்லாத நாட்டில், சக்கரம் பொருத்திய வண்டியில் மலைச்சாலைகளிலே பழகியவர் அவர். 1998இல் நாகானோவில் முதன்முதலாக இறங்கியபோது வயது 16.

பிப்ரவரி 9, ஞாயிறு

எஞ்சிய இரு ஓட்டங்களும் முடிந்தன. ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் லாக் தங்கம் வென்றார். கேசவன் 37ஆவது இடம் பெற்றார். இதே நாளில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தேர்தலும் நிறைவுற்று, சென்னையைச் சேர்ந்தவரும் உலக ஸ்குவாஷ் கூட்டமைப்பின் தலைவருமான என். ராமச்சந்திரன் சங்கத் தலைவரானார். சங்கத்துக்கு வழி பிறந்த நாளும் கேசவனின் போட்டி முடிந்த நாளும் ஒன்றாக அமைந்தது எளிதில் கடந்துவிடக்கூடிய செய்தியன்று. ஒரு வாரம் முன்னதாக இத்தேர்தல் நடைபெற்றிருந்தால், அவர் தம் நாட்டின் பெயரிலேயே போட்டியிட்டிருக்க வழி இருந்திருக்கும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சர்வதேச ஒலிம்பிக் குழு இடைநீக்கத்தை விலக்கிக்கொண்டது. ஒரு நாட்டின் சங்கத்தின் மீதான இடைநீக்கம் ஒலிம்பிக் போட்டிகள் நடந்துகொண்டிருக்கும்போதே விலக்கப்படுவது இதுவே முதல் முறை. தாக்கூரும் இக்பாலும் இனி இந்தியாவின் பெயரில் போட்டியிடலாம்.

பிப்ரவரி 14, வெள்ளி

ராணுவ வீரரான நதீம் இக்பால் 15 கிலோமீட்டர் கிராஸ் கன்ட்ரி போட்டியின் கிளாசிக் பிரிவில் 85ஆவதாக வந்தார். ஏற்றமும் இறக்கமும் சமவெளியும் கலந்த பனிப்பாதையில், முன்கூட்டியே வெட்டப்பட்ட இணைத் தடங்களுக்குள் சறுக்குப் பலகைகளை நேராகச் செலுத்தி, கைக்கோல்களை ஊன்றி முன்னேறும் முறையே கிளாசிக் எனப்படுகிறது. பலகையின் நடுப்பகுதியில் பூசப்படும் மெழுகு பனியைப் பற்றிக்கொள்வதால்தான் ஏற்றத்தில் உந்த முடிகிறது. அன்றைய பனியின் வெப்பநிலைக்கு ஏற்ற மெழுகைத் தேர்வதற்கென்றே பெரிய அணிகள் தனி வல்லுநர் குழுவை வைத்திருக்கின்றன. ஆகவே, முடிவுப் பட்டியலில் இரண்டு பெயர்களுக்கு இடையே தெரியும் இடைவெளியை உடல் வலிமையின் வேறுபாடாக மட்டும் படிப்பது முறையாகாது.

பிப்ரவரி 19, புதன்

ஜயன்ட் ஸ்லாலம் என்பது சரிவில் நட்ட கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் போட்டி. வெவ்வேறாக அமைத்த இரு தடங்களில் இரண்டு முறை இறங்க வேண்டும், ஒரு வாயிலைத் தவறவிட்டாலும் வெளியேற்றம். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறங்கி, பலர் இடையிலேயே விழுந்தும் விலகியும் போன இப்போட்டியில் ஹிமான்ஷு தாக்கூர் இரு ஓட்டங்களையும் நிறைவு செய்து 72ஆவது இடம் பெற்றார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

போட்டிகள் இன்று நிறைவுற்றன. நிறைவு விழாவில் மூவண்ணக் கொடி இடம்பெற்றது. 1964இல் இன்ஸ்ப்ரூக்கில் ஜெரமி புஜகோவ்ஸ்கி என்ற ஒரே வீரருடன் தொடங்கிய இந்தியாவின் குளிர்கால ஒலிம்பிக் வரலாறு, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் மூவர் அளவிலேயே நிற்கிறது. இதற்குப் பனி இல்லாமையைக் காரணம் கூற இயலாது. இமயம் இந்தியாவில்தான் இருக்கிறது. தடம், கருவி, பயிற்சியாளர், வெளிநாட்டுப் பயிற்சிக்கான பணம் ஆகியவற்றைத் திரட்டித் தரும் நிர்வாகம் இல்லாமையே குறை. பெரிய அணிக்கு நிர்வாகம் தவறினாலும் தாங்குவதற்கு வேறு தூண்கள் உண்டு. மூவர் அணிக்கோ நிர்வாகமே ஒரே தூண். எனவே சிறிய அணியிடம் பதக்கக் கணக்குக் கேட்பதற்கு முன், சங்கத்திடம் நாட்காட்டிக் கணக்குக் கேட்பதே நியாயம். அடுத்த குளிர்கால ஒலிம்பிக் 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடைபெறவிருக்கிறது. தேர்தலையும் விதித் திருத்தத்தையும் வீரர்களின் பயண நாளுக்கு நெடுமுன்னரே முடித்துவிடும் ஒழுங்கு இந்த நான்கு ஆண்டுகளில் நிலைபெற வேண்டும். சென்னையிலிருந்து சென்று பொறுப்பேற்றிருக்கும் தலைமைக்கு அதுவே முதற்கடமை.